ஏழாம் எண் தகவலாளி

சென்ற வாரம் எங்கள் துறையிலிருந்து ஒரு போன். நான் ஓய்வுபெற்றபின் என் நாற்காலிக்கு வந்திருக்கும் இளம் பேராசிரியர் பேசினார். அடுத்த ஆண்டு முதல் எம்.ஏ. மனித உரிமைகள் படிப்பில் களஆய்வு கிடையாதாம். அதற்குப் பதிலாக நூலகத்தில் உட்கார்ந்து முப்பது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதுமாம். “இனிமே யாருக்கும் ஒரு பிரச்சினையும் வராது மேடம்” என்றார். கூடவே, துறை மலருக்கு ‘அந்தக் காலத்துக் களப்பணி அனுபவம்’ ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அந்தக் காலம் என்று அவர் சொன்னது நான்கு வருடத்துக்கு முந்தியதை.

எழுதுகிறேன் என்றேன். அவர் எதிர்பார்ப்பது இதில் இருக்காது.

நான் படித்தது அரசியல் அறிவியல். கல்லூரி நிர்வாகம் மனித உரிமைகளில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியபோது பாடம் நடத்த ஆள் இல்லை. நீங்களே படித்துவிட்டு வந்து நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அஞ்சல் வழியில் படித்தேன். ஞாயிறுதோறும் திருநெல்வேலியில் வகுப்பு. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முப்பது பிரிவுகளையும் பஸ்ஸில்தான் மனப்பாடம் செய்தேன். பாவூர்சத்திரத்துக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவில் பத்துப் பிரிவு ஓடிவிடும். அப்படித் தேறிவந்து பதினான்கு வருடம் அதை நடத்தினேன்.

படிக்க வந்தவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இடையில் ஒரு பட்டம் இருக்கட்டும் என்று வந்தவர்கள். மீதிப் பேரின் பெற்றோர் சேர்க்கையன்று கேட்கும் முதல் கேள்வி, “இதுல கார்டு குடுப்பாங்களா மேடம்?” என்பது. கார் கண்ணாடியில் மனித உரிமை என்று ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள் வைத்திருக்கும் அட்டையைத்தான் கேட்கிறார்கள். கார்டு கிடையாது, இது படிப்பு என்று சொன்னால் முகம் தொங்கிவிடும். வருடா வருடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு மதியம் வகுப்பில் இருக்கும்போது புளியறை சோதனைச்சாவடியிலிருந்து போன் வந்தது. எங்கள் முதலாமாண்டு மாணவன் ஒருவன் ஹெல்மெட் இல்லாமல் கேரளப் பக்கம் போய்விட்டுத் திரும்பியிருக்கிறான். நிறுத்தியதும் கல்லூரி அடையாள அட்டையை நீட்டி, “நான் மனித உரிமை” என்றிருக்கிறான். போலீஸ்காரர் பொறுமையாக என்னிடம் கேட்டார்: “மனித உரிமைன்னா ஹெல்மெட் போடக் கூடாதாம்மா?” அவர் கேட்டது நியாயம்தான். அபராதம் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் அவன் வந்து, மேடமே காட்டிக்கொடுத்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டான்.

இவர்களையாவது திருத்தலாம். எங்கள் துறைத்தலைவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

முத்துக்குமாரசாமி சார் கெட்டவர் இல்லை. பதினொரு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன், ஒரு நாளும் குரலை உயர்த்தியது கிடையாது. மேஜைமேல் கண்ணாடி போட்டிருப்பார். எந்தக் காகிதத்தைக் கொண்டுபோனாலும் முதலில் அதன் ஓரத்தை மேஜையின் ஓரத்தோடு ஒட்டி நேராக்குவார். பிறகு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இரண்டு தடவை படிப்பார். பேனா மூடியைக் கழற்றுவார். கையெழுத்துப் போடப்போகிறார் என்று நமக்கு மூச்சு வரும். அப்போது மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, “கொஞ்சம் பொதுவா வச்சிக்கிடுவோமே மேடம்” என்பார்.

அந்த ‘பொதுவா’ என்ற சொல்லை இன்று கேட்டாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். பீடி சுற்றும் பெண்களின் கண்பார்வை பற்றி ஒருத்தி ஆய்வு செய்ய வந்தால், அது அவர் மேஜையைத் தாண்டும்போது ‘மகளிர் உரிமைகள்: ஒரு பொதுப்பார்வை’ ஆகிவிடும். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் சுமை தூக்குபவர்களின் முதுகுவலி பற்றி ஒருவன் எழுத நினைத்தால் ‘தொழிலாளர் உரிமைகள்: ஒரு பொதுப்பார்வை’. எங்கள் நூலக அலமாரியில் ஒரே தலைப்பில் ஆறு ஆய்வேடுகள் நின்றன. உள்ளே இருந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவன் எழுதியதை அடுத்தவன் எடுத்து, எழுத்துப்பிழை உட்பட, அப்படியே இறக்கியிருப்பான்.

வாய்மொழித் தேர்வு எப்போதும் குற்றாலச் சீசனில்தான். விடுமுறையிலேயே முடிக்கலாம் என்று வருடந்தோறும் எழுதிக் கொடுத்தேன். நடக்கவில்லை. வெளியூர்த் தேர்வாளர்கள் ஜூலை என்றால்தான் வருவார்கள். குடும்பத்தோடு வருவார்கள், குற்றாலத்தில் குளித்துவிட்டு நல்லெண்ணெய் வாசனையோடு வந்து உட்காருவார்கள். மாணவன் இரண்டு வருடம் படித்ததைப் பத்து நிமிடத்தில் விசாரித்துவிட்டு, ஐந்தருவியில் இப்போது கூட்டம் இருக்குமா என்று என்னைக் கேட்பார்கள்.

இதற்கு நடுவே நான் ஒழுங்காக நடத்திவந்த ஒரே காரியம் களஆய்வு. அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். களக்குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். வலப்பக்கத்தில் நீ நினைத்தது. இரண்டும் கலந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பேசியவர்களின் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது. தகவலாளி எண் ஒன்று, இரண்டு என்றுதான் வரவேண்டும். எந்த எண் யார் என்ற பட்டியல் தனித்தாளில் என் இரும்பு பீரோவில் பூட்டியிருக்கும். களத்துக்குப் போகும் முன் அந்த இடத்துக்குப் பொறுப்பானவருக்கு அனுமதிக் கடிதம் போக வேண்டும். அந்தக் கடிதத்தின் வாசகம் துறைத்தலைவர் தயாரித்தது. கீழே நானும் கையெழுத்துப் போடுவேன்.

செய்யது பாத்திமா தென்காசிப் பெண். வாப்பாவுக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. நாலு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அவள் உம்மா படிக்க அனுப்பியிருந்தார். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். இரண்டாம் ஆண்டில் ஆய்வுத் தலைப்பு கேட்டபோது ஒரு கேள்வியோடு வந்து நின்றாள்.

முந்தைய சீசனில் உம்மாவோடு குளிக்கப் போயிருக்கிறாள். பெண்கள் உடைமாற்றும் அறையில் தரை தேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளுக்கு உம்மா குடிக்கத் தண்ணீர் பாட்டிலை நீட்டியிருக்கிறார். அவர், “வேண்டாம்மா, சாயங்காலம் வீட்டுக்குப் போயித்தான் குடிப்பேன்” என்றிருக்கிறார். ஏன் என்று பாத்திமா கேட்டதற்கு, காலையிலிருந்து அந்திவரை வேலை என்றும், வேலைக்காரர்களுக்கென்று ஒரு கழிப்பறை அங்கே இல்லை என்றும், பொதுக் கழிப்பறைப் பக்கம் போனால் கூட்டத்தைக் காட்டி விரட்டுகிறார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

“இது மனித உரிமைல வருமா மேடம்?” என்று பாத்திமா கேட்டாள்.

இதுதான் மனித உரிமை என்றேன். அருவியில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்களும் குடிநீரும் என்று தலைப்பு வைத்தோம். சார் வழக்கம்போல் மூடியைக் கழற்றினார், மாட்டினார். பொதுவாக வைத்துக்கொள்ளலாமே என்றார். இந்த முறை நான் விடவில்லை. தினமும் காலையில் அவர் அறைக்குப் போய் அதே தாளை வைத்தேன். பதினோராவது நாள் கையெழுத்து விழுந்தது. ஏதோ தேர்தலில் ஜெயித்ததுபோல் இருந்தது எனக்கு.

எந்த அருவி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே துப்புரவுப் பணியை எடுத்திருந்தவர் ஒரு ஒப்பந்தக்காரர், அவருக்கு ஒரு மேற்பார்வையாளர். பாத்திமா பதினொரு பெண்களிடம் பேசினாள். அவள் கொண்டுவந்த களக்குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் ஏழாம் எண் சொன்னது இப்படி இருந்தது: “தண்ணிச் சத்தம் நாள் பூரா காதுக்குள்ளயே கேக்கும். நாக்கு ஒட்டிக்கிடும். குடிச்சா எங்கன போக?”

வரைவு வந்தபோதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தகவலாளி எண் ஏழு என்று எழுதினால் படிக்கிறவன் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, ஆளைக் காட்டு என்று பாத்திமாவிடம் சொன்னேன். அவள் எழுதினாள். ஆய்க்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர், இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பியவர், வழுக்கும் தரையில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தேய்ப்பவர். ஓரத்தில் சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதினேன். அடிக்கோடும் இட்டேன். பெயர் இல்லை, பட்டியல் என் பீரோவில் பூட்டியிருக்கிறது, பிறகு என்ன பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாகிவிட்டது. சீசன் தொடங்கியது. ஜூன் கடைசியில் ஒரு காலை பாத்திமா துறைக்கு வந்தாள். அழவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

“ஏழாம் நம்பரை நிப்பாட்டிட்டாங்க மேடம்.”

அந்தப் பெண்களைப் பார்க்க அருவிக்குப் போயிருக்கிறாள். மற்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் துணி துவைப்பதுபோல் குனிந்துகொண்டு நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். மேற்பார்வையாளர் மேஜையில் அந்த ஆய்வேடு இருந்ததாம். அவர் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு, “கால் சூம்பினது இங்கன எத்தன பேரு இருக்கீங்க?” என்று கேட்டாராம். ஒருவர்தான். அன்றே வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நேரே சாரிடம் போனேன். ஆய்வேடு அங்கே எப்படிப் போனது என்று கேட்டேன். அவர் நிதானமாகக் கோப்பை எடுத்து, எங்கள் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கண்ணாடிமேல் வைத்து ஓரத்தை நேராக்கினார். கடைசி வரியில் விரலை வைத்தார். ‘ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதி தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கப்படும்.’ பதினொரு வருடமாக அந்த வரி அங்கே இருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் அதற்கு நேர் கீழே என் கையெழுத்து இருக்கிறது. நான் ஒரு தடவைகூட அதை ஒரு வரியாகப் படித்ததில்லை. இதுவரை போன பிரதிகளெல்லாம் பொதுப்பார்வைகள், யாருக்கும் எந்தக் கேடும் செய்யத் தெரியாதவை.

“அந்த ரெண்டு பக்கத்த எடுத்துட்டு, கொஞ்சம் பொதுவா மாத்திரச் சொல்லுங்க மேடம். வைவா நெருங்குதுல்லா” என்றார் அவர்.

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல். மீதியை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. நன்று என்று எழுதியது நான்தான்.

மறுநாள் பாத்திமாவும் நானும் ஆய்க்குடிக்குப் போனோம். ஏழாம் எண்ணின் பெயர் மாடத்தி. தன் பெயரைச் சொல்லலாம் என்று அவரே சொன்னதால் சொல்கிறேன். வீட்டு வாசலில் பீடி இலை பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்று நாங்களும் தரையில் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். சொல்லவும் சொன்னேன். அவர் விரல்கள் நிற்கவில்லை.

“புஸ்தகத்தக் கொண்டாந்தியளா?” என்று கேட்டார்.

பாத்திமா பையிலிருந்து எடுத்தாள். படி என்றார். அவள் அந்த இரண்டு பக்கத்தையும் படித்தாள். மாடத்தி இலையை நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நான் சொன்னதுதான். ஒரு வார்த்த கூடக் கொறைய இல்ல. பெறவு எதுக்குட்டி எம் பேரப் போடல?”

“ஒங்களுக்கு ஒரு பிரச்சின வந்துரக் கூடாதுன்னுதான் க்கா.”

“வந்துட்டுல்லா.”

பாத்திமா ஆய்வேட்டை மூடி மடியில் வைத்தாள்.

“பேரப் போட்டிருந்தா, ஆமா நாந்தான் சொன்னேன், என்ன இப்பம்னு எதுக்க நின்னுருப்பேன். இப்ப என்னாச்சி? அத்தன பேருக்கு முன்னால என் கால வச்சில்லா கண்டுபிடிச்சான்.”

ஆய்வு நெறிமுறை என்று இரண்டு பருவத்துக்குப் பாடம் நடத்தியவள் நான். பெயரை மறைப்பது பாதுகாப்பு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள். மறைக்கலாமா என்று அந்தப் பதினொரு பேரில் ஒருவரிடமும் கேட்கச் சொல்லித் தரவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டபோது, எங்கே போய்ச் சொன்னால் நடக்குமோ அங்கே கூட்டிப்போங்கள், என் வாயால் நானே சொல்கிறேன் என்றார் மாடத்தி. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனுநாளில் கொடுப்பது என்று முடிவாயிற்று. பாத்திமா எழுதினாள், மாடத்தி தன் பெயரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டார். இரண்டு கோரிக்கை: என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும், எங்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். கூடவே ஆய்வேட்டின் அந்த இரண்டு பக்கத்தையும் இணைப்பதாக இருந்தோம்.

சாரிடம் சொல்லாமல் இணைப்பது முறையில்லை என்று போய்ச் சொன்னேன். அவர் பேனாவைத் தொடவே இல்லை. தேர்வு முடியாத ஆய்வேடு, துறையின் பெயர் வெளியே வரக் கூடாது, நீங்கள் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்றெல்லாம் மெதுவாக எடுத்துச் சொன்னார். பிறகு, “மனுவையும் பொதுவா, பணியாளர்கள் சார்பாகன்னு குடுக்கலாமே” என்றார்.

“மாடத்தி பொதுவான ஆள் இல்ல சார்” என்றேன்.

பதினொரு வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் அறையில் என் குரல் உயர்ந்தது. பக்கங்களை இணைத்தே கொடுத்தோம்.

மனுநாள் வரிசையில் காலையிலிருந்து நின்றோம். மாடத்தியை உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டார். மனுவை வாங்கியவர் எங்கள் மூவரையும் பார்த்து, நீங்கள் எந்த அமைப்பு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாடத்தி, “அமைப்பெல்லாம் இல்ல சார். நான் அங்கன வேல பாக்கவ” என்றார். அடுத்த திங்களும் போனோம். அதற்கடுத்த திங்கள் எனக்கு வகுப்பு இருந்தது, அவர்கள் இருவரும் போனார்கள்.

இதற்கு நடுவில் வாய்மொழித் தேர்வு வந்தது. தேர்வாளர் தலை ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்தார். இந்த ஆய்வில் நீ புதிதாகக் கண்டது என்ன என்று பாத்திமாவிடம் கேட்டார். அவள் தயாரித்து வைத்திருந்ததைச் சொல்லவில்லை. என் ஆய்வால் ஒருவருக்கு வேலை போய்விட்டது, அதைத்தான் கண்டேன் என்று ஆரம்பித்து, மேற்பார்வையாளர் படித்ததிலிருந்து மாடத்தி கேட்ட கேள்விவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “நல்லது. ஆய்வின் வரம்புகள்னு ஒரு பகுதி இருக்குல்ல, அதுல ரெண்டு வரி சேத்துடுங்க.”

“ரெண்டு வரி பத்தாது சார்” என்றாள் பாத்திமா.

அவர் சாரைப் பார்த்தார். சார் மதிப்பெண் தாளின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். மதிப்பெண் நன்றாகத்தான் கிடைத்தது. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. குறைத்துப் போட்டிருந்தால்கூட அவர் காதில் ஏதோ விழுந்தது என்று எடுத்துக்கொண்டிருப்பேன். பாத்திமா நான்கு பக்கம் எழுதிச் சேர்த்தாள். மாடத்தியின் பெயர் அதில் ஏழு இடத்தில் வருகிறது, அவர் சம்மதத்தோடு. அந்தப் பிரதி நூலகத்தில் ஆறு பொதுப்பார்வைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தின் கடைசி வரியை நான் ஓய்வு பெறும் முன் நீக்க வைத்தேன். இப்போது களஆய்வையே எடுத்துவிட்டதால் கடிதமும் இல்லை.

சீசன் முடியும் தறுவாயில் ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். உடைமாற்றும் அறைக்குப் பின்னால் தகரம் அடித்து ஒரு கழிப்பறை வந்தது. மாடத்தியை அந்த வருடம் எடுக்கவில்லை. அடுத்த சீசனில் ஒப்பந்தக்காரர் மாறியபோது எடுத்தார்கள். கழிப்பறைச் சாவி மேற்பார்வையாளர் பையில் இருக்கும், அவர் டீக்கடையில் இருப்பார் என்று ஆனதும், மாடத்தி யாரையும் கேட்காமல் தனியாகப் போய் இன்னொரு மனு கொடுத்துவிட்டு வந்தார். இப்போது சாவி உடைமாற்றும் அறைக்குள் ஆணியில் தொங்குகிறது. பாத்திமா தென்காசியில் ஒரு வக்கீலிடம் வேலை பார்க்கிறாள். சட்டம் படிக்கப்போகிறேன் என்கிறாள், அவள் உம்மா மாப்பிள்ளை பார்க்கிறார்.

ஓய்வு பெற்றபின் சென்ற சீசனில் குளிக்கப் போனேன். மாடத்தி என்னைக் கண்டதும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கீறல் கீறலாக இருந்தது. குடித்துவிட்டு உடைத்துப்போடும் பாட்டில் ஓடு கிழித்தது. வெறுங்கையால்தான் பொறுக்குகிறார்கள், கையுறை கேட்டால் வரும் வரும் என்கிறார்கள். உங்கள் படிப்பில் இதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டார். பழக்கதோஷத்தில், இருபத்துமூன்றாம் பிரிவு, நியாயமான வேலைச் சூழல் என்று ஆரம்பித்தேன்.

“நம்பர் எனக்கு எதுக்கு டீச்சர்? இத எந்த ஆபீஸ்ல, யாரு கையில குடுக்கணும்? அதச் சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடம் நடத்தியிருக்கிறேன், தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இரண்டு நாள் அலைந்தேன். ஒரு அலுவலகத்தில் இது எங்களுடையது இல்லை என்று அடுத்த அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் மூன்றாவதைக் காட்டினார்கள். மூன்றாவதில் அதிகாரி விடுப்பு. நான்காவதில் ஒரு எழுத்தர் இரக்கப்பட்டு, எந்த அலுவலகம், எந்த மேஜை, யார் பெயர், என்றைக்கு இருப்பார் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று மாடத்திக்குப் போன் செய்து, அந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னேன்.

“அங்கனதான் நிக்கேன் டீச்சர்” என்றார். “காலைல பாத்திமா வெவரம் சொன்னா. உள்ள வரிசையில எனக்கு முன்னால இன்னும் நாலு பேரு.”